மைக்கில் சொன்னது

ஷூ கம்பெனிக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து வரும் அறிக்கைகள் ஆங்கிலத்தில்தான் வரும். வந்ததை மதியச் சங்கு ஊதியதும் தமிழில் மைக்கில் சொல்வது டைம் ஆபீஸில் இருந்த பெண்ணின் வேலை. சம்பளப் பட்டியல் போடுவது, லீவு எழுதுவது என்று அவளுக்கு நாள் முழுக்க வேறு வேலைகள் இருந்தன. இருந்தாலும் எப்போதாவது ஐந்து நிமிடம் பேசுகிற அந்த மைக்தான் அவளுக்குப் பெயராக வந்து சேர்ந்தது. அவளைவிட மூத்த தையல்காரிகள்கூட மைக் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

அறிக்கை எழுதுகிறவர்கள் கெட்டிக்காரர்கள். ஆளை வெளியே அனுப்புவதற்கு அவர்களிடம் பத்துப் பதினைந்து வார்த்தைகள் இருந்தன. ரீஸ்ட்ரக்சரிங் என்பார்கள், ரைட்சைசிங் என்பார்கள், கன்சாலிடேஷன் என்பார்கள். ஒன்றில்கூட ஆள் என்ற பேச்சே இருக்காது. வியாபாரம் படுத்துவிட்டால் ஹெட்விண்ட்ஸ், எதிர்க்காற்று அடிக்கிறதாம். கையில் காசில்லை என்றால் லிக்விடிட்டி டைட்டாம். பங்கு விலை தலைகுப்புற விழுந்தால் கரெக்ஷன், ஏதோ கணக்கில் இருந்த தப்பைத் திருத்துகிறார்களாம். மைக் அக்கா வணிகம் படித்தவள். இந்த வார்த்தைகளின் தோலை உரித்தால் உள்ளே என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை தோலை உரித்தே வாசித்துவிட்டாள். பாலிஷ் பிரிவில் பாதிப் பேருக்கு வேலை இல்லை என்று மைக்கில் அப்படியே சொன்னாள். தையல் ஹாலில் ஒருத்தி, அவள் புருஷன் பாலிஷில் இருந்தான், கேட்ட அதிர்ச்சியில் விரலை ஊசிக்குக் கொடுத்துவிட்டாள். ஊசி நகத்தைத் துளைத்து மறுபக்கம் வந்துவிட்டது. மேனேஜர் அன்று சாயங்காலம் மைக் அக்காவைக் கூப்பிட்டார்.

"விஷயத்தைச் சொல்லாதேன்னு சொல்லலம்மா. பதமா சொல்லு. வீட்ல பெரியவங்களுக்கு ஒரு கெட்ட சேதின்னா எப்படிச் சொல்லுவ? அந்த மாதிரி."

அந்த விரலைப் பார்த்த பிறகு அவளுக்கும் அதுதான் சரி என்று பட்டது. அடுத்த அறிக்கையிலிருந்து பதமாகச் சொல்ல ஆரம்பித்தாள். ஆட்குறைப்பு 'சின்ன மாற்றம்' ஆயிற்று. சம்பளம் தள்ளிப் போவது 'கொஞ்சம் தாமதம்' ஆயிற்று. ஓவர்டைம் ரத்து ஆனபோது, எல்லாரும் பொழுதோடு வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னாள்.

கேட்டவர்கள் மட்டும் ஏமாந்த சோணகிரிகளா? ரெண்டு தரம் ஏமாந்தார்கள், மூன்றாம் தரம் கணக்குப் போடப் பழகிவிட்டார்கள். அவள் சொன்னதோடு மேலே கொஞ்சம் சேர்த்துக் கேட்டார்கள். இந்தக் கணக்குக்கு வாத்தியார் அவள் கொழுந்தன்தான். கட்டிங் பிரிவில் தோல் வெட்டுகிறவன். வீட்டில் அவனுக்குச் சின்னவன் என்று பெயர். வாய் ஓயாது. கேன்டீனில் தட்டோடு உட்கார்ந்து அண்ணியின் அறிவிப்புக்கு உரை சொல்வான்.

"அண்ணி 'கொஞ்சம்'னா நிறையன்னு வச்சுக்கோ. 'சில பேரு'ன்னா உன் பேரும் என் பேரும் அதுல உண்டு. 'தற்காலிகமா'ன்னா, தட்டைக் கழுவி வச்சிட்டு ஊரைப் பாத்து நட."

"'பயப்பட வேண்டாம்'னா?"

"அதை இன்னும் அண்ணி சொன்னதில்ல. சொன்னா நானே முதல் ஆளா ஓடுவேன்."

எல்லாரும் சிரிப்பார்கள். சிரித்தாலும் கணக்கு சரியாகத்தான் இருந்தது. மைக் அக்காவின் காதுக்கும் இது வந்தது. அவளும் சிரித்தாள். நான் பதமாகச் சொல்கிறேன், அவர்கள் சரியாகப் புரிந்துகொள்கிறார்கள், யார் விரலிலும் ஊசி ஏறவில்லை, இதில் என்ன குறை என்று நினைத்தாள்.

இரும்புக் கடைக்கு மேலே மாடியில் ரெண்டு அறை அவர்கள் வீடு. கீழே கம்பி வெட்டும் சத்தம் நின்ற பிறகுதான் மேலே பேச்சு காதில் விழும். மூன்று பேருக்கும் அதே கம்பெனிச் சம்பளம்தான். அவள் கணவர் சோல் பிரஸ்ஸில் இருந்தார். பசை தடவி அடுப்பில் சூடாகி வரும் மேல்தோலையும் அடிச்சோலையும் சேர்த்து வைத்து அழுத்துகிற வேலை. பார்க்க ஒன்றுமில்லாத வேலை போலத்தான் இருக்கும். பசை இன்னும் ஈரமாக இருக்கும்போது அழுத்தினால் ரெண்டு நாளில் ஷூ வாயைப் பிளந்துவிடும், காய்ந்துபோன பிறகு அழுத்தினால் ஒட்டவே ஒட்டாது. மழைக்காலத்தில் இந்தப் பதம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். பிரஸ்காரர் புறங்கையால் பசையைத் தொட்டுப் பார்த்துவிட்டு மிதியை அழுத்துவார். அவர் அதிகம் பேசமாட்டார். தம்பி பேசுவதே வீட்டுக்குப் போதும் என்று விட்டிருந்தார்.

அந்த வருடம் மழை விடாமல் பெய்தது. மேற்கூரையில் தண்ணீர் கொட்டும் சத்தத்தில் மைக்கே சில நாள் கேட்காது. கேன்டீன் டிவியில் முன்பு பாட்டு ஓடும். இப்போது யாரோ மார்க்கெட் சானலை வைத்துவிட்டார்கள், யாரும் மாற்றவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் சிவப்பு நிறம் தெரிந்தது. ஷூ வாங்குகிற நாடுகளில் ரிசெஷன், கடைகள் மூடிக்கிடக்கின்றன என்று சொன்னார்கள். கம்பெனியின் பங்கு விலை நாளுக்கு நாள் இறங்கியது. பேர் மார்க்கெட், கரடிச் சந்தை என்று டிவிக்காரன் சொன்னதைக் கேட்டு, டீ ஊற்றுகிறவர், "கரடி எங்க வரைக்கும் வந்திருக்கு?" என்று தினமும் விசாரித்தார். "பார்க்கிங் வரைக்கும் வந்துடுச்சு" என்பான் சின்னவன்.

ஒரு திங்கட்கிழமை காலை அறிக்கை வந்தது. மைக் அக்கா படித்தாள். ஒர்க்கிங் கேபிடல், அதாவது அன்றாடச் செலவுக்கான பணம், நெருக்கடியில் இருப்பதால் இரண்டாவது உற்பத்தி லைன் மூன்று வாரம் நிறுத்தப்படும். யாருக்கும் வேலை போகாது. முதல் லைன் வழக்கம்போல ஓடும். விருப்ப ஓய்வுத் திட்டம் ஏற்கெனவே இருப்பதுதான், வேண்டுகிறவர்கள் சனிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்கலாம். அவ்வளவுதான். இந்த முறை தோலை உரித்தாலும் உள்ளே வேறு ஒன்றும் இல்லை. அதுதான் அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. நேரே மேனேஜர் அறைக்குப் போனாள்.

"சார், இது இவ்வளவுதானா? வேற ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க. என் வீட்லேயே மூணு பேரு இங்க இருக்கோம்."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். அவரும் சரியாகத் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"சத்தியமா இவ்வளவுதாம்மா. ஸ்கூல் ஷூ ஆர்டர் ஒண்ணு கையில இருக்கு. மாசக் கடைசிக்குள்ள கப்பல்ல ஏத்திட்டா பாங்க் பணத்தை விட்டுடும். பணம் வந்தா ரெண்டாவது லைன் திரும்ப ஓடும். நம்ம ஆளுங்க இந்த மாசம் மட்டும் நின்னு முடிச்சுக் கொடுத்தாப் போதும். நானும் இதே கம்பெனிலதான் ரிடையர் ஆகணும்னு பாக்குறேன்."

அவள் நம்பினாள். நம்பும்படிதான் இருந்தது, உண்மையும் அதுதான். இந்த ஒரு தடவையாவது ஒரு சொல்கூடக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லவேண்டும் என்று முடிவு செய்துகொண்டு மைக் முன்னால் உட்கார்ந்தாள். மதியச் சங்கு ஊதியது. அறிக்கையை வரிவரியாகச் சொன்னாள். முடித்த பிறகு, அறிக்கையில் இல்லாத ரெண்டு வாக்கியத்தைத் தன் மனசிலிருந்து சேர்த்தாள்.

"நான் இதுல எதையும் குறைச்சுச் சொல்லல. யாரும் பயப்பட வேண்டாம்."

ஹால்களில் கன்வேயர்கள் மட்டும் ஓடின. அவள் மைக்கை அணைத்துவிட்டு நிம்மதியாகத் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள்.

கேன்டீனில் அன்று சின்னவன் உரை சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. எல்லாரும் தாங்களே கூட்டிப் பார்த்துக்கொண்டார்கள். மூன்று வாரம் என்றால் மூடுகிறார்கள். யாருக்கும் வேலை போகாது என்றால் எல்லாருக்கும் போகிறது. குறைச்சுச் சொல்லல என்று அவளே வாய்விட்டுச் சொல்கிறாள் என்றால் எவ்வளவு குறைத்திருப்பாள்! அந்த ஊசிவிரல்காரி தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

"பாவம், நமக்காகத்தான் சனிக்கிழமைன்னு அழுத்திச் சொல்லுது. வெளிப்படையாச் சொல்ல முடியாதுல்ல அதால. இப்ப எழுதிக் கொடுத்தா கைக்குப் பணம் வந்துடும். இழுத்து மூடின பிறகு யாருகிட்டப் போய் நிப்போம்?"

சாயங்காலத்துக்குள் டைம் ஆபீஸ் வாசலில் வரிசை நின்றது. மழையில் தலையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு நின்றார்கள். மைக் அக்கா ஜன்னலைத் திறந்து, "எதுக்கு இப்ப? யாரு போகச் சொன்னா? ஒண்ணும் ஆகாதுன்னுதானே சொன்னேன்!" என்று கத்தினாள். அவர்கள் அவளைப் பார்த்துப் பரிவாகத் தலையாட்டினார்கள். ஒருவரும் வரிசையை விட்டு நகரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது பிரஸ்காரர் சோறு வடித்து வைத்திருந்தார். அவருக்கு மனசு சரியில்லை என்றால் சமையலறைக்குள் போய்விடுவார். முட்டையை உடைத்து ஊற்றிக்கொண்டே, திரும்பாமல் சொன்னார்.

"நாளைக்கு நானும் எழுதிக் கொடுத்துடறேன்."

அவள் ஈரச் சேலையை மாற்றக்கூட இல்லை. "எதை?"

"அதான். விருப்ப ஓய்வு."

"என்னங்க நீங்களுமா? நான் மேனேஜர்கிட்டயே போய்க் கேட்டுட்டு வந்துதாங்க மைக்ல சொன்னேன். மூணு வாரம்தான். அந்த ஆர்டர் போனாப் போதும்."

"சரி."

"சரின்னா என்ன அர்த்தம்?"

"நீ சொல்ற. நான் கேட்டுக்கறேன்."

"கேட்டுக்கிட்டு எழுதிக் கொடுக்கப் போறீங்களா? பிரஸ்ஸுல நீங்களும் அந்தப் பெரியவரும்தான். அவரு மத்தியானமே கையெழுத்துப் போட்டுட்டாரு. நீங்களும் போனா யாரு ஒட்டுவா? இந்த மழையில புதுசா ஒருத்தன் வந்து ஒட்ட முடியுமா? ஆர்டர் எப்படிப் போகும்?"

"எல்லாரும் போறப்ப நான் மட்டும் நின்னு யாருக்கு ஒட்ட? தையல் ஹால்ல பாதி காலி. மேல்தோல் வந்தாத்தானே நான் சோல் ஒட்ட."

"நீங்க போறதைப் பாத்துத்தான் இன்னும் பாதி போகும். நீங்க நின்னா நிப்பாங்க. உங்க மேல அவ்வளவு மதிப்பு இருக்கு."

பிரஸ்காரர் அடுப்பை அணைத்தார். முட்டை அடிப்பிடித்துவிட்டது. கரண்டியால் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. நீ பொய் சொல்றேன்னு நான் சொல்லல. உனக்கு இருக்கறதை இருக்கற மாதிரி சொல்ல வராது. அது உன் சுபாவமாயிடுச்சு."

"நான் எப்ப உங்ககிட்ட..."

"அம்மாவை ஆஸ்பத்திரியில சேத்தப்ப டாக்டர் உன்கிட்டதானே இங்கிலீஷ்ல பேசினாரு. வெளியில வந்து என்ன சொன்ன? கொஞ்சம் பலவீனம், நீங்க ஷிஃப்டுக்குப் போயிட்டு வாங்கன்ன. போயிட்டு வந்தேன். அம்மா இல்ல."

இத்தனை வருடத்தில் அவர் இதை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அன்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வராமல்தான் அவள் அப்படிச் சொன்னாள். அதை அவர் மறந்துவிட்டார் என்றே இருந்துவிட்டாள். மனுஷன் வீட்டுக்குள்ளும் கணக்குப் போட்டுத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். சோறு நல்லா இருக்கு என்று அவள் சொன்னதை, ஜுரம் இல்லை என்று சொன்னதை, எல்லாவற்றையும்.

"அது வேறங்க" என்றாள். "இது நிஜம். உங்க கால்ல வேணா விழறேன். இது நிஜம்."

"பாத்தியா" என்றார் அவர். வருத்தமாகத்தான் சொன்னார். "கால்ல விழற அளவுக்கு இருக்கு. அப்ப நிலைமை எப்படி இருக்கும்?"

சின்னவன் வாசற்படியில் உட்கார்ந்து ஈர ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருந்தான். அண்ணன் கை கழுவப் போனதும் உள்ளே வந்தான். வழக்கமான விளையாட்டு முகத்தில் இல்லை.

"அண்ணி. என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க. மூணு வாரம்தானா?"

"மூணு வாரம்தாண்டா."

"இதுல எதையும் சேத்துக்க வேணாமா?"

"வேணாம். சத்தியமா வேணாம்."

"சரி, நான் இருக்கேன். ஒரு ஆளாவது அண்ணி பேச்சைக் கேட்டேன்னு இருக்கட்டும்."

பிரஸ்காரர் மறுநாள் காலையில் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். அவர் போட்டதைப் பார்த்து அடுப்புக்காரன் போட்டான், அவனைப் பார்த்துப் பசை தடவுகிறவர்கள் போட்டார்கள். ஒவ்வொரு தாளையும் வாங்கி முத்திரை குத்துவது மைக் அக்காவின் வேலை. கணவரின் தாளையும் அவள்தான் வாங்கினாள். முத்திரை சரியாக விழவில்லை, ரெண்டாம் தரம் குத்த வேண்டியிருந்தது. போனவர்களுக்கெல்லாம் பணம் கொடுத்து முடித்தபோது கம்பெனியின் கையிருப்பு வழித்து எடுத்த சட்டியாகிவிட்டது.

இருந்தவர்கள் ஆர்டரை முடிக்கப் படாதபாடு பட்டார்கள். கட்டிங்கில் இருந்த சின்னவனைப் பிரஸ்ஸில் நிறுத்தினார்கள். அவன் தோல் வெட்டப் பிறந்தவன், பசையின் பதம் அவனுக்கு என்ன தெரியும்? ஈரக் காற்றில் அழுத்திய ஷூக்கள் பெட்டிக்குள் இருந்தபடியே வாயைத் திறந்தன. ஷூ வாங்குகிறவர்கள் சோதிக்க அனுப்பியவன் ரெண்டு பெட்டியைப் பிரித்துக் கையால் இழுத்துப் பார்த்தான், சோல் கையோடு வந்தது. பேசாமல் காரில் ஏறிப் போய்விட்டான். கப்பல் போயிற்று, ஆர்டர் போகவில்லை. பாங்க் பணத்தை விடவில்லை. விஷயம் லிக்விடேஷன் என்ற வார்த்தைக்கு வந்து நின்றது. கம்பெனியை விற்று வருவதில் பாங்க் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். மற்றவர்கள் வரிசையில் நிற்கவேண்டும், வருடக்கணக்கில்.

அந்தக் கடைசி அறிக்கையையும் அவள்தான் மைக்கில் சொன்னாள். பாக்கிப் பொருட்களை எடுத்துப் போக வந்திருந்த பழைய ஆட்களும் ஹாலில் நின்று கேட்டார்கள். கம்பெனியை மூடுகிறார்கள், இன்றோடு எல்லாருக்கும் வேலை இல்லை என்று அப்படியே சொன்னாள். யாரும் அதிரவில்லை. முன்பே தெரிந்த சேதியை மறுபடி கேட்பதுபோல் நின்றார்கள். அவள் வெளியே வந்ததும் ஊசிவிரல்காரி ஓடிவந்து அவள் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க நல்லா இருக்கணும் அக்கா. அன்னிக்கு அந்த ஒரு வார்த்தை நீங்க சொல்லலேன்னா என் பிள்ளைங்க இன்னிக்குத் தெருவுலதான். உங்க வேலையைக் காப்பாத்திக்காம எங்களை நினைச்சீங்களே."

"நான் போகச் சொல்லலம்மா. இருக்கத்தான் சொன்னேன்."

"தெரியும் அக்கா, தெரியும்" என்று சொல்லி அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பின்னால் இன்னும் நாலைந்து பேர் கும்பிடுவதற்குக் காத்திருந்தார்கள்.

அன்று மாலை மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். கீழே கம்பி வெட்டும் சத்தம் நின்றிருந்தது. சின்னவனின் விரல்களில் காய்ந்த பசை உரியாமல் இருந்தது. பல வருட வேலைக்கு அவன் கையில் மிஞ்சியது அதுதான். அவனுக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டார் காலையில் ஆள் அனுப்பி, இப்போதைக்குக் கல்யாணப் பேச்சு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பிரஸ்காரர் தன் தட்டிலிருந்த முட்டையைத் தம்பி தட்டுக்கு மாற்றினார்.

"என் பணத்துல பாதி உனக்குத்தான்டா. ஆனாலும் சொல்றேன். ஊருக்கே அண்ணி பேச்சுக்கு அர்த்தம் சொல்லிட்டு, உனக்குன்னு வந்தப்ப நீயே புரிஞ்சுக்காம விட்டுட்டியே."

சின்னவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அண்ணியைப் பார்க்கவில்லை.

"ஆமாண்ணா. எனக்குத்தான் புரியல."

அவனுக்கு எல்லாம் புரிந்திருந்தது என்று மைக் அக்காவுக்குத் தெரியும். அண்ணன் மனசு நோகக்கூடாது என்று அவனும் பதமாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டான். அவன் சொன்னதை அப்படியே விட்டுவிட்டால் வீடு நிம்மதியாகச் சாப்பிட்டு எழுந்துவிடும். அவள் சாப்பிட்ட கையைத் தட்டிலேயே வைத்தாள்.

"அவன் சரியாத்தாங்க புரிஞ்சுக்கிட்டான்" என்றாள். "நான் சொன்னது நிஜம். மூணு வாரத்துல லைன் ஓடியிருக்கும். நீங்கல்லாம் போனதாலதான் ஆர்டர் போகல. ஆர்டர் போகாததாலதான் கம்பெனி போச்சு. நீங்க நின்னிருந்தா எல்லாரும் நின்னிருப்பாங்க. உங்க தம்பி பொழப்பைக் கெடுத்தது நீங்க. உங்களை அப்படி ஆக்கினது நான். இதுதான் நடந்தது."

கொழுந்தன் நிமிர்ந்து பார்த்தான். கீழே யாரோ ஷட்டரை இழுத்து மூடினார்கள். பிரஸ்காரருக்குக் கோபம் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் முகத்தில் கோபம் இல்லை, பயம்தான் வந்தது. தட்டை மெல்ல ஒதுக்கினார்.

"இதையே இவ்வளவு வெளிப்படையாச் சொல்றேன்னா, இதைவிடப் பெருசா என்னமோ இருக்கு" என்றார். "என்ன ஆச்சு? உனக்கு உடம்புக்கு ஏதாவதா? டாக்டர் ஏதாவது சொன்னாரா? எதுவா இருந்தாலும் சொல்லிடு."

"ஒண்ணும் இல்லைங்க" என்றாள்.

அவர் எழுந்து போய், கையைக்கூடக் கழுவாமல், சட்டையை மாட்டிக்கொண்டார்.

"கிளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."